கவச வண்டியும் கண்ணிவெடி நிலமும்

பண்டைக் காலந்தொட்டு மனிதன் செய்துவந்த கவசங்கள் யாவும் ஓர் எண்ணத்தின் மேல் எழுந்தவை. பகைவன் எதிரே நிற்பான். அம்போ வேலோ குண்டோ முன்னாலிருந்து வரும் என்பதே அவ்வெண்ணம். ஆகவே மார்பிலே கவசம் பூண்டனர். கையிலே கேடயம் ஏந்தினர். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினர். காலின் கீழே கிடக்கும் நிலம் பகையாகும் என்று பெரும்பாலோர் நினைத்ததில்லை. இருபதாம் நூற்றாண்டிலே அந்த நம்பிக்கை பொய்த்தது. மண்ணுக்குள்ளே வெடிமருந்தைப் புதைத்து, மேலே ஒரு பிடி மண்ணைத் தூவிவிட்டுப் போகும் போர்முறை பரவிற்று. அங்கே எதிரி கண்ணிற் படுவதில்லை. வெடியை வைத்தவன் நெடுந்தூரம் போயிருப்பான். சில வேளைகளில் இறந்தும் போயிருப்பான். வெடி மட்டும் காத்திருக்கும்.

இந்தப் புதிய பகைக்கு எதிராக மனித அறிவு கண்ட கருவிகளுள் ஒன்றே கண்ணிவெடி தாங்கும் கவச வண்டி. அது எவ்வாறு அமைந்தது, எங்கே பிறந்தது, இலங்கைக்கு எப்படி வந்தது, எவரைக் காத்தது, எவரைக் காக்க இயலாது நின்றது என்பவையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

மலைகளால் சூழப்பட்ட மாத்தளை மாவட்டத்திற்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அத்தொடர்பு ஒரு வீதியினால் ஏற்பட்டது. கண்டியிற் புறப்பட்டு யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர் ஓடும் ஏ 9 நெடுஞ்சாலை, மாத்தளை நகரின் நடுவே புகுந்து, நாலந்தா, நாவுல, தம்புள்ளை ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே செல்கிறது. கண்டிப் பக்கமிருந்து வரும் இருப்புப்பாதை மாத்தளையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் வடக்கே போகின்றவர்க்கு இவ்வீதியே துணை.

இத்திசையின் வரலாறு நெடியது. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களில் உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். அவ்வாறு வந்தவர்களின் வழித்தோன்றல்களில் ஒரு பகுதியினர், ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர், அதே திசையிலே திரும்பி வடக்கு நோக்கிப் போக நேர்ந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த மண்ணில் நேர்ந்தது என்ன என்பதற்குப் பின்னர் வருவோம். முதலில் வண்டியைப் பற்றிய செய்திகளைக் காண்போம்.

சாதாரண லொறியொன்று கண்ணிவெடியின் மீது ஏறினால் யாது நிகழும்? வண்டியைத் தகர்ப்பதற்காகப் புதைக்கப்படும் வெடியில் 5 முதல் 10 கிலோகிராம் வரையிலான வெடிமருந்து இருப்பது வழக்கம். அது வெடித்த கணத்தில் மிகுந்த வெப்பமும் அழுத்தமும் கொண்ட வாயு பிறக்கிறது. கீழே இறுகிய நிலம், பக்கங்களிலும் மண். ஆகவே அந்த வேகம் மேல்நோக்கியே பாய்கிறது. லொறியின் தட்டையான அடித்தளம் அவ்வேகம் முழுவதையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. தளம் கிழிகிறது, கிழியாவிடினும் மேல்நோக்கி உதைக்கிறது. உள்ளே இருப்பவரின் கால் எலும்புகளும் முதுகெலும்பும் அந்த உதைப்பிலேயே நொறுங்கும். வண்டி தூக்கியெறியப்படும்போது வெளியே வீசப்பட்டு இறப்போரும் உண்டு.

இதனைத் தடுக்க இரும்பைத் தடிப்பாக்கினாற் போதும் என்று முதலில் எண்ணினர். ஆனால், தடித்த இரும்பு வண்டியின் பாரத்தை ஏற்றிற்றேயன்றித் துன்பத்தைப் போதிய அளவு குறைக்கவில்லை. அதன்பின்பே வேறொரு வழி புலப்பட்டது. தட்டையான பலகையால் நீரை அறைந்தால் கை அதிரும்; கூரிய அடியுள்ள தோணியோ நீரை இருபுறமும் ஒதுக்கிவிட்டு அமைதியாகச் செல்லும். வண்டியின் அடியையும் தோணியின் அடிபோலக் கூராக்கினால், கீழிருந்து வரும் வெடிவேகம் இரு பக்கமும் வழுக்கி வெளியேறிவிடும் அல்லவா? இதுவே கண்ணிவெடி தாங்கும் வண்டியின் அடிப்படை. ஆங்கில எழுத்தாகிய ‘வீ’ வடிவில் அமைந்த அடிப்புறம் என்று பொறியியலாளர் இதனைக் குறிப்பர்.

இதனோடு வேறு சில ஏற்பாடுகளும் சேர்ந்தன. வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக்கூட மிக விரைவாகக் குறையும். ஆதலின், வண்டியின் உடல் நிலத்திலிருந்து நன்றாக உயர்த்தப்பட்டது. சில்லுகளும் அச்சும் வெடியில் சிதறிப்போகட்டும் என்று விடப்பட்டன. அவை சிதறும்போது வேகத்தின் ஒரு பகுதியும் அவற்றோடு போய்விடும். பின்னர் புதிய சில்லுகளைப் பூட்டிக்கொள்ளலாம். ஆட்கள் இருக்கும் பெட்டி மட்டும் உடையாமல் நிற்க வேண்டும். உள்ளே அமர்வோர் இருக்கையோடு வாரினாற் கட்டப்பட வேண்டும். வண்டி கவிழினும் அவர்கள் தலை மோதி இறவாதிருப்பதற்கு இக்கட்டே வழி.

இவ்வமைப்பு பிறந்த இடம் ஆபிரிக்காக் கண்டத்தின் தென்பகுதி. இன்று சிம்பாப்வே எனப்படும் நாடு, 1970களில் ரொடீசியா என்ற பெயரில் வெள்ளைச் சிறுபான்மையினரின் ஆட்சியிலே இருந்தது. அவ்வாட்சியை எதிர்த்து எழுந்த கரந்துறை வீரர்கள் மண் வீதிகளிலே கண்ணிவெடிகளைப் புதைத்தனர். தொடக்கத்தில் ரொடீசியர் லொறித் தளங்களில் மணல் மூட்டைகளை அடுக்கியும், டயர்களுக்குள் நீரை நிரப்பியும் சமாளித்தனர். பின்னர் கூரிய அடியுடைய வண்டிகளைக் கட்டினர். தென்னாபிரிக்காவும் நமீபியாவின் எல்லையில் தான் நடத்திய போரில் இதே இடரைச் சந்தித்தது. அங்கே 1970களின் பிற்பகுதியில் ‘பவல்’ என்னும் வண்டி உருவாயிற்று. அச்சொல்லுக்கு அந்நாட்டு ஆபிரிக்கான்ஸ் மொழியில் எருமை என்பது பொருள். ஜேர்மனியின் மேர்சிடிஸ் நிறுவனத்து ‘யுனிமொக்’ என்னும் லொறியின் உறுப்புகளின் மேல் அது கட்டப்பட்டது. சாரதிக்குத் தனியே ஒரு சிறு கவசக் கூண்டு. பின்னால், மேற்புறம் திறந்த பெட்டியில் பத்து வீரர்கள், ஐவர் ஐவராக முதுகோடு முதுகு சேர்த்து வெளியே பார்த்தபடி அமர்வர். நிறவெறி ஆட்சியைக் காப்பதற்கு நடந்த போரின் பிள்ளை இவ்வண்டி என்பதை மறைத்தலாகாது. கருவியின் பிறப்பு எவ்வாறாயினும் அதன் இயல் அறிவு பின்னர் உலகெங்கும் பரவிற்று.

இலங்கையிலே கண்ணிவெடி வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள் 1983 ஆம் ஆண்டு ஜூலை 23. அன்றிரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஜீப் வண்டியிலும் லொறியிலும் சென்ற படையினர் கண்ணிவெடிக்கும் அதனைத் தொடர்ந்த துப்பாக்கிச் சூட்டிற்கும் இலக்காயினர். 13 பேர் உயிரிழந்தனர். அதன் பின்விளைவு நாடறிந்தது. மறுநாள் மாலை கொழும்பிலே மூண்ட தமிழருக்கெதிரான வன்செயல் சில நாள்களுக்குள் மலையகத்தையும் எட்டிற்று. வீதியொன்றிலே புதைத்த வெடி நெடுந்தூரத்திற்கப்பால், அந்த வீதியை ஒருபோதும் கண்டிராத மக்களின் வீடுகளை எரித்தது. கண்ணிவெடியின் சிதறல் எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

1980களின் நடுப்பகுதியில் இலங்கை அரசு தென்னாபிரிக்காவிலிருந்து பவல் வண்டிகளை வாங்கிற்று. வடக்கு மக்களின் நாவிலும் ‘பவல்’ என்ற பெயர் நிலைத்தது. ஆனால், போர் நீண்டது; வண்டிகள் போதவில்லை. எனவே இலங்கைத் தரைப்படையின் மின், இயந்திரப் பொறியியற் பிரிவினர் அதே அமைப்பைப் பின்பற்றி உள்நாட்டிலேயே வண்டி கட்டத் தொடங்கினர். 1980களின் பிற்பகுதியில் ‘யுனிகோன்’ எழுந்தது. 1990களின் பிற்பகுதியில் அதனைத் திருத்தி ‘யுனிபவல்’ செய்தனர். வெளிநாட்டிற்குப் போய்ப் பயின்ற பெரும் நிறுவனங்கள் அல்ல, பழுதுபார்க்கும் பட்டடைகளில் உருக்குத் தகட்டை வெட்டியும் ஒட்டியும் பழகிய கைகளே இவற்றை ஆக்கின.

இவ்வண்டிகள் பலருடைய உயிரைக் காத்தன என்பதில் ஐயமில்லை. அவற்றுக்கும் எல்லையுண்டு. உடல் உயர்ந்திருப்பதால் பாரத்தின் நடுவம் மேலே போய்விடுகிறது. வளைவிலே விரைந்து திரும்பினால் கவிழும். அடியைக் கூராக்கியது கீழிருந்து வரும் வெடிக்கு; பக்கத்திலே மரத்தடியில் வைக்கப்படும் கிளைமோர் என்னும் வெடி நூற்றுக்கணக்கான உருக்குக் குண்டுகளைக் கிடையாகச் சிதற விடும். மேல் திறந்த வண்டிக்கு அது பெரும் ஆபத்து. அன்றியும், வண்டி வலுவடைந்தது கண்டு எதிரி வெடிமருந்தின் அளவைக் கூட்டுவான். இந்தியாவின் சத்தீஸ்கர்க் காடுகளில் கவச வண்டிகளையும் கவிழ்க்கும் அளவிற்கு வெடிமருந்து புதைக்கப்பட்டதை உலகம் கண்டது. ஈராக்கிலே தெருவோர வெடிகளால் தம் வீரரை இழந்த அமெரிக்கர், 2007 இல் இவ்வகை வண்டிகளைத் தம் பாதுகாப்புத் துறையின் முதல் தேவையாக அறிவித்து, சில ஆண்டுகளுக்குள் 20,000 இற்கும் மேற்பட்டவற்றை வாங்கினர். அப்போதும் வெடியின் அளவு வளர்ந்தவண்ணமே இருந்தது. கவசத்திற்கும் வெடிக்கும் நடக்கும் இப்போட்டியில் இறுதி வெற்றி எவருக்கும் இல்லை.

அமைதி காக்கும் பணியிலும் இது மெய்யாயிற்று. மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில் 2013 முதல் 2023 வரை ஐக்கிய நாடுகள் சபையின் படை நிலைகொண்டிருந்தது. பாலை நிலத்து மண் வீதிகளில் உணவும் எரிபொருளும் ஏற்றிச் செல்லும் வண்டித் தொடர்களுக்குக் காவலாகப் போவது இலங்கைப் படைப்பிரிவின் கடமை. அங்கே பகைவரின் படையைக் காட்டிலும் வீதியே அச்சந் தருவதாய் இருந்தது. 2019 ஜனவரி 25 ஆம் நாள் மொப்திப் பகுதியிலுள்ள டுவென்சா என்னும் ஊருக்கு அருகே வெடித்த கண்ணியில் இலங்கை வீரர் இருவர் உயிர் துறந்தனர். வேறு சிலர் காயமுற்றனர். அப்பணி முடிவதற்குள் பல நாடுகளையும் சேர்ந்த 300 இற்கு மேற்பட்டோர் மாலியில் உயிரிழந்தனர். ஐக்கிய நாடுகளின் வெள்ளை வண்ணமோ நீலத் தொப்பியோ மண்ணுக்குள் இருக்கும் வெடிக்குத் தெரிவதில்லை.

இதுகாறும் கூறியவை வண்டிக்குள் இருப்போரைப் பற்றியவை. இனி, வண்டிக்கு வெளியே இருப்போரை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2006 ஜூன் 15 ஆம் நாள், அநுராதபுர மாவட்டத்துக் கெப்பித்திகொல்லாவையில் பயணிகள் பேருந்து ஒன்று கிளைமோர் வெடியில் சிக்கிற்று. சிறுவரும் பெண்களும் உட்பட 60 இற்கு மேற்பட்ட சிங்களக் கிராமத்தவர் மாண்டனர். 2008 ஜனவரி 29 ஆம் நாள், மன்னார் மாவட்டத்து மடுப் பகுதியில் மற்றொரு பேருந்து அவ்வாறே தாக்குண்டது. அதிலே சென்றவர்களுள் பாடசாலைப் பிள்ளைகள் பலர். அவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். இரு பேருந்துகளும் மெல்லிய தகட்டாலானவை, அடி தட்டை, இருக்கையிலே வார் இல்லை. எந்த மொழி பேசும் தாயாயினும் தன் பிள்ளையை அனுப்புவதற்குக் கவச வண்டியைத் தேட முடியுமா? ஒரு நாட்டின் குடிமக்கள் யாவரையும் கூரிய அடி வைத்த வண்டிகளில் ஏற்றிவிட முடியுமா?

வண்டியிலே கூட ஏறாதவர் நிலை இன்னும் கொடிது. வண்டியைத் தகர்க்கும் வெடி பெரும் பாரம் ஏறினாலன்றி வெடியாது. ஆனால், மக்கள் மிதிவெடி என்று அழைக்கும் சிறு கண்ணி, சில கிலோகிராம் பாரத்திற்கே வெடிக்கும். சிறுவன் ஒருவனின் காலடி அதற்குப் போதும். அதன் வெடிமருந்து ஒரு பிடிக்குள் அடங்குவது. கொல்வதினும் காலைப் பறிப்பதே அதன் வேலை. பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட கண்ணிகளும், மரப்பெட்டியாலும் பிளாஸ்ரிக்காலும் இங்கேயே செய்யப்பட்ட கண்ணிகளும் வடக்கு கிழக்கு நிலங்களில் இலட்சக்கணக்காகப் புதைக்கப்பட்டன. புதைத்தவர் ஒரு தரப்பினர் மட்டும் அல்லர்.

இங்கேதான் முன்னர் தொட்டுவிட்ட செய்திக்கு மீள வேண்டியிருக்கிறது. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்கு அஞ்சி, மாத்தளை உள்ளிட்ட மலையக மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வவுனியாவிற்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவிற்கும் போய்ச் சேர்ந்தன. காந்தியம் என்னும் இயக்கம் அவர்களிற் பலரை அங்கே குடியேற்ற உதவிற்று. காணியற்றிருந்த தோட்டத் தொழிலாளி முதன்முதலாகத் தன் கையால் காடு வெட்டி, கிணறு தோண்டி, நிலக்கடலையும் உழுந்தும் விதைத்தான். தனக்கென ஒரு துண்டு நிலம் வாய்த்ததே என்று மகிழ்ந்தான். ஆனால், அதே வன்னி மண் போர்க்களமாயிற்று. அவன் வெட்டித் திருத்திய காணிகளின் ஓரங்களிலே கண்ணிகள் புதைந்தன. மலையிலே நெருப்புக்கு அஞ்சி ஓடியவன், சமவெளியிலே தன் நிலத்தில் கால் வைக்கவே அஞ்ச வேண்டியவனானான். மாத்தளையின் தோட்டக் குடியிருப்புகளிலே அத்தகைய உறவினரைக் கொண்ட குடும்பங்கள் உண்டு. ஆகவே கண்ணிவெடி வடக்கின் துயர் மட்டும் அன்று. மலையகத்தின் துயரும் ஆகும்.

போரினால் மூடுண்டிருந்த ஏ 9 வீதி 2002 இல் திறக்கப்பட்டது. 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்த பின்னரே மறுபடியும் திறந்தது. அவ்வீதியில் ஆனையிறவையும் பளையையும் கடந்தால் வருவது முகமாலை. 2000 ஆம் ஆண்டு முதல் இரு படைகளும் எதிரெதிரே காவலரண் அமைத்து நின்ற இடம் அது. உலகிலேயே நெருக்கமாகக் கண்ணி புதைக்கப்பட்ட நிலங்களுள் அதுவும் ஒன்று எனப்பட்டது. 2002 முதல் இந்நாட்டில் ஹலோ டிரஸ்ட், மக் என்னும் பிரித்தானிய நிறுவனங்கள் கண்ணியகற்றும் பணியில் ஈடுபட்டன. பின்னர் டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு நிறுவனங்களும், தரைப்படையின் மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் இதிலே பங்குகொண்டன.

அப்பணி நடைபெறும் முறையை அறிந்தோர் வியப்பர். முகத்திற்கு ஒளி ஊடுருவும் மறைப்பும், மார்பிற்குக் கவசமும் அணிந்தவர், ஒரு மீற்றர் அகலமுள்ள கோட்டிற்குள் மண்டியிட்டு அமர்வார். முதலில் கருவியால் உலோகத்தைத் தேடுவார்; அல்லது, குப்பை வாருவதற்குப் பயன்படும் பல் வைத்த வாரியைப் போன்ற கருவியால் மண்ணை மெல்ல மெல்லக் கிளறித் தன்பக்கம் இழுப்பார். கண்ணியின் பக்கவாட்டைத் தொட்டால் நின்றுவிடுவார். நாள் முழுதும் உழைத்தும் சில சதுர மீற்றர்களே தேறும். இப்பணியிலே ஈடுபட்டோரிற் பெண்கள் பலர். கணவனைப் போரில் இழந்து, குடும்பப் பாரத்தைத் தாமே சுமந்தவர்கள் அவர்களுள் உளர். தம் ஊரின் மண்ணைத் தம் கையாலேயே அவர்கள் மீட்டனர்.

கவச வண்டியின் கலை இங்கேயும் கைகொடுத்தது. காவலரண்களும் மண்ணணைகளும் சரிந்து புதைந்த இடங்களிலே கையால் கிளறுதல் ஆகாது. அங்கே மண் அள்ளும் பொறிகளுக்கு உருக்குத் தகடும் தடித்த கண்ணாடியும் பொருத்தி, சாரதியின் கூண்டைக் கவசமாக்கினர். அப்பொறி மண்ணை அள்ளிப் பரப்பும். மனிதர் அதனைச் சோதிப்பர். போரிலே ஆளை ஏற்றிக்கொண்டு கண்ணியைக் கடந்து செல்லக் கற்ற அறிவு, கண்ணியை நிலத்திலிருந்து அகற்றும் அறிவாக மாறிற்று. அந்த அறிவுக்கு இதனினும் சிறந்த பயன் வேறில்லை.

மனிதரைக் கொல்லும் நிலக்கண்ணிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கை 1997 இல் ஏற்பட்டது. இலங்கை 2017 டிசெம்பர் 13 ஆம் நாள் அதிலே சேர்ந்தது. இனிப் புதைப்பதில்லை, வைத்திருப்பதில்லை, புதைந்தவற்றை அகற்றுவோம் என்பன அதன் உறுதிமொழிகள். ஆயினும் உறுதிமொழியை நிறைவேற்றுவது பணமும் காலமும் பொறுமையும் வேண்டுவது. போர் ஓய்ந்தபின் உலகத்தின் கண் வேறு போர்களின்பால் திரும்பும், உதவி குறையும். மண்ணுக்குள் கிடக்கும் வெடியோ போர் முடிந்த செய்தியை அறியாது.

நேயர்களே, கவச வண்டியைக் கண்டுபிடித்தவர்களின் அறிவைக் குறைத்துக் கூறுவது இப்பேச்சின் கருத்தன்று. கடமையின் பொருட்டு வெடி நிலத்தின் மீது செல்ல வேண்டியவர்க்கு அது இன்றியமையாதது. ஆனால், அதன் காவல் அதன் கதவோடு முடிகிறது. பத்துப் பேர் உள்ளே இருப்பர். பதினோராவது மனிதனுக்கு அங்கே இடமில்லை. அந்தப் பதினோராவது மனிதன் மாடு மேய்க்கும் சிறுவனாகவோ, விறகு பொறுக்கும் கிழவியாகவோ இருப்பான். அவர்களுக்குரிய கவசம் ஒன்றே. அது வெடியில்லாத நிலம்.

பாடசாலைகளிலே வரலாற்றையும் விஞ்ஞானத்தையும் கற்பிப்போர் இதனை மாணவருக்கு எடுத்துரைத்தல் நன்று. கூரிய அடி எவ்வாறு வெடிவேகத்தைப் பிளக்கிறது என்பது விஞ்ஞானப் பாடம். ஒரு வீதியிலே புதைத்த வெடி இன்னொரு மாவட்டத்து வீடுகளை எவ்வாறு எரித்தது என்பது வரலாற்றுப் பாடம். விடுமுறையில் வன்னியிலுள்ள உறவினரிடம் செல்லும் மாத்தளைப் பிள்ளைகளுக்கு மூன்றாவது பாடமும் தேவை: சிவப்பு நிற மண்டையோட்டு அறிவிப்புள்ள நிலத்திற்குள் காலெடுத்து வையாதே, மண்ணிலே அறியாத பொருள் கண்டால் தொடாதே, வந்த தடத்தின் வழியே திரும்பிப் போய்ப் பெரியோரிடம் சொல். இம்மூன்று சொற்றொடர்களைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும். அவை ஒரு பிள்ளையின் காலைக் காக்குமாயின், எந்தப் பட்டடையிலும் செய்யவியலாத கவசம் அப்பிள்ளைக்குக் கிடைத்ததாகும்.